அப்பாவின் நாயனத் தட்டுகளைக் கணினிக்கு மாற்றிய கதை

சிடியிலிருந்து பாட்டு எடுப்பதும் ஒரு கோப்பை நகலெடுப்பதும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். தட்டைப் போடு, பொத்தானை அழுத்து, பத்து நிமிடத்தில் எம்பி3 வந்துவிடும். பிரபலமான சினிமாப் பாட்டுக்கு அப்படிச் செய்தாலும் பெரிய நஷ்டமில்லை. அதே பாட்டு இன்னும் பத்து இடத்தில் நல்லபடியாகவே கிடைக்கும். எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பவை நாகசுரத் தட்டுகள், அதாவது நாயனத் தட்டுகள். அவற்றில் பலவற்றை நான் கடையில் தேடியும் கிடைக்கவில்லை, இணையத்தில் தேடியும் கிடைக்கவில்லை. இந்த மாதிரித் தட்டு வைத்திருப்பவர்கள் அதை ஒரு தடவை எடுத்தாலும் உருப்படியாக எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வீரவநல்லூர். திருநெல்வேலி போகும் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் காருகுறிச்சி. அந்த ஊர் அருணாசலத்தின் நாயனம்தான் அப்பாவுக்கு எல்லாம். அருணாசலம் 1921இல் பிறந்து 1964இலேயே போய்விட்டார். அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். இருவர் காலத்திலும் சிடி கிடையாது. நம் கையில் சிடியாக இருப்பதெல்லாம் 78 ஆர்பிஎம் இசைத்தட்டு, வானொலிப் பதிவு, யாரோ ஒருவர் கச்சேரியில் பிடித்த டேப் என்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. அதாவது இந்த வெள்ளித் தட்டே நகலின் நகல். நாம் எடுக்கும் நகலில் புதிதாக ஒரு சேதமும் சேரக்கூடாது.

கோப்பு நகலிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்போம். ஆடியோ சிடியின் விதிமுறையை சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து 1980இல் வகுத்தன. நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். தட்டில் ஒரு நொடி என்பது 75 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் 2,352 பைட் ஒலி இருக்கும். தரவு சிடியில் இதே துண்டில் நம் தரவுக்கு 2,048 பைட்தான் ஒதுக்குவார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி கூடுதல் பிழைதிருத்தத்துக்குப் போய்விடும். ஆடியோ சிடியில் அந்தக் கூடுதல் அடுக்கு இல்லை, முழு இடத்தையும் ஒலியே எடுத்துக்கொள்கிறது. அடிப்படையான ஒரு பிழைதிருத்தம் உண்டு. சின்னக் கீறலை அது சமாளித்துவிடும். அதையும் மீறிய கீறல் வந்தால், பெரும்பாலான டிரைவ்கள் 'படிக்க முடியவில்லை' என்று சொல்வதில்லை. முன்னும் பின்னும் உள்ள மாதிரிகளை வைத்து நடுவில் இருப்பதை ஊகித்து நிரப்பிவிட்டு மேலே போய்விடும். காதில் விழாத அளவுக்குக்கூட அது நிரப்பியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் இருப்பது அருணாசலம் வாசித்ததல்ல, டிரைவ் ஊகித்தது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி (சுருக்கமாக இஏசி) போன்ற மென்பொருள். ஆன்ட்ரே வீத்தாஃப் என்ற ஜெர்மானியர் எழுதியது. விண்டோஸில் ஓடும், வீட்டு உபயோகத்துக்கு இலவசம். லினக்ஸில் விப்பர், மேக்கில் எக்ஸ்எல்டி இதே வேலையைச் செய்யும். இவற்றின் அடிப்படை யோசனை எளிமையானது: ஒரே துண்டைத் திரும்பப் படித்துப் பார்ப்பது. இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் சரி. வேறுபட்டால் பதினாறு முறை படித்து, அதில் எட்டு முறையாவது ஒரே பதில் வருகிறதா என்று பார்க்கும். மோசமான இடமாக இருந்தால் ஒரு துண்டை 82 முறை வரை படிக்கும். அப்போது டிரைவ் முனகுவது அடுத்த அறைக்குக் கேட்கும். ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

அமைப்பில் முக்கியமானவை சில. படிக்கும் முறை 'செக்யூர்' என்று இருக்க வேண்டும். டிரைவ் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய பதிலையே திருப்பித் தருமென்றால், அந்தக் கேஷை ஏமாற்றும் விருப்பத்தையும் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் முறை படிப்பதற்கு அர்த்தமே இல்லை. ஒலி அளவைச் சமப்படுத்தும் 'நார்மலைஸ்' விருப்பத்தைத் தொடவே வேண்டாம். சத்தம் குறைவாக இருந்தால் ரீப்ளேகெய்ன் என்ற டேக் (கோப்புக்குள் எழுதி வைக்கும் குறிப்பு) சேர்த்துக்கொள்ளலாம். அது ஒலியை மாற்றாது, கேட்கும்போது எவ்வளவு கூட்ட வேண்டும் என்று குறிப்பு மட்டும் வைக்கும். இரைச்சல் நீக்கும் வேலையையும் மூலக் கோப்பில் செய்யக்கூடாது. பழைய இசைத்தட்டின் சரசரப்பை அழிக்கும்போது நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியில் காற்று படும் சத்தமும் சேர்ந்தே போவதை நான் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது அக்யூரேட்ரிப். நீங்கள் எடுத்த பாட்டின் சரிபார்ப்பு எண்ணை (ஒலித் தரவிலிருந்து கணக்கிடும் எண், தரவு மாறினால் இதுவும் மாறும்), அதே தட்டை உலகத்தில் வேறு யாரெல்லாம் எடுத்தார்களோ அவர்களுடைய எண்ணோடு ஒப்பிடும் பொதுத் தரவுத்தளம் இது. முகம் தெரியாத பத்துப் பேருக்கும் உங்களுக்கும் ஒரே எண் வந்தால், எல்லோருமே சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அருமையான ஏற்பாடு. ஆனால் எங்கள் தட்டுகளில் பெரும்பாலானவற்றைப் போட்டபோது 'தரவுத்தளத்தில் இல்லை' என்றே வந்தது. நாயனத் தட்டு விற்றதே கொஞ்சம். வாங்கியவர்களில் கணினியில் எடுத்தவர்கள் அதிலும் கொஞ்சம். பாட்டுப் பட்டியலும் அப்படித்தான். தட்டைப் போட்டதும் பெயர்கள் தானாக நிரம்புவது மற்றவர்களுக்கு நடக்கும். நமக்கு வருவது 'டிராக் 01, டிராக் 02'.

ஒப்பிட ஆள் இல்லாதபோது நாமே இரண்டு ஆளாக வேண்டியதுதான். இஏசியில் 'டெஸ்ட் அண்ட் காப்பி' என்றொரு கட்டளை உண்டு. தட்டை முதலில் சோதனைக்காகப் படித்து எண்ணைக் குறித்துக்கொள்ளும், பிறகு மறுபடி படித்து எழுதும். சிஆர்சி எனப்படும் அந்தச் சரிபார்ப்பு எண் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் அதோடு விடாமல் வேறு கம்பெனி டிரைவிலும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஒரே டிரைவ் ஒரே இடத்தில் ஒரே தப்பை இரண்டு முறை செய்ய வாய்ப்பு உண்டு. வேறு லென்ஸ், வேறு சிப் உள்ள இன்னொரு டிரைவ் அச்சாக அதே தப்பைச் செய்வது மிக அரிது.

இரண்டு டிரைவை ஒப்பிட 'ஆஃப்செட்' சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு டிரைவ் மாடலும் சில மாதிரிகள் முன்னேயோ பின்னேயோ படிக்கத் தொடங்கும். ஆறு மாதிரி என்றால் நொடியில் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குகூடக் கிடையாது, காதுக்குத் தெரியாது. ஆனால் சரிபார்ப்பு எண் முழுவதும் மாறிவிடும். டிரைவின் மாடலை அக்யூரேட்ரிப் பட்டியலில் பார்த்து எண்ணைப் போடலாம். அல்லது நிறைய விற்ற ஏதாவது ஒரு சினிமா சிடியையோ ஆங்கிலப் பாப் சிடியையோ உள்ளே போட்டால் மென்பொருளே கண்டுபிடித்துவிடும்.

ஒரு தட்டு மட்டும் பாடாய்ப் படுத்தியது. கோயில் கச்சேரிப் பதிவு, கடைசி டிராக். ஆடியோ சிடியில் பாட்டு நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போகும். அதனால் கடைசி டிராக்தான் ஓரத்துக்கு வரும், கைபட்டுக் கெடுவதும் அந்த ஓரம்தான். மெல்லிய பருத்தித் துணியை லேசாக ஈரப்படுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக்கூடாது. வட்டமாக விழும் கீறல் பாட்டின் தடத்தோடு கூடவே ஓடி, தொடர்ந்து ஏராளமான தரவைக் கெடுக்கும். குறுக்கே விழும் கீறலைத் தட்டு தாங்கிக்கொள்ளும். துடைத்த பிறகும் மடிக்கணினியோடு ஒட்டிய மெல்லிய யூஎஸ்பி டிரைவில் அதைப் படிக்க முடியவில்லை. பழைய டெஸ்க்டாப்பில் இருந்த கனமான ரைட்டரில், வேகத்தைக் குறைத்து வைத்துப் படித்தபோது இரண்டு முறையும் ஒரே எண் வந்தது. வீட்டில் பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போடப் போகிறீர்கள் என்றால் அதிலிருக்கும் சிடி டிரைவையாவது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எல்லோரும் பளபளப்பான அடிப்பக்கத்தையே பத்திரப்படுத்துகிறார்கள். உண்மையில் மெலிதான பக்கம் மேல்பக்கம், அதாவது படம் அச்சடித்த பக்கம். அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேலான பிளாஸ்டிக் காவல் உண்டு. மேலே வெறும் பூச்சுதான், அதற்கு அடியிலேயே ஒலி பதிந்த வெள்ளி நிறப் படலம். தட்டை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசிக்குத்தாய் வெளிச்சம் தெரியும் தட்டுகள் எங்களிடமும் இருக்கின்றன. மேலே பேனாவால் எழுதாதீர்கள், ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள்.

எடுத்ததை எந்த வடிவத்தில் வைப்பது? மூலத்துக்கு ஃபிளாக், வேறு யோசனையே வேண்டாம். ஜாஷ் கோல்சன் உருவாக்கி 2001இல் வெளிவந்தது. 2024இல் இணையத் தர நிர்ணய ஆவணமாகவும் வந்துவிட்டது. உரிமக் கட்டணம் கிடையாது. ஒரு பிட்கூட இழக்காமல் சுருக்கும். சுருக்கும் அளவு 0 முதல் 8 வரை. எந்த எண்ணை வைத்தாலும் ஒலி ஒன்றே, கோப்பின் அளவும் சுருக்க ஆகும் நேரமும் மட்டும் மாறும். மூல ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணும் கோப்புக்குள்ளேயே இருப்பதால், பத்து வருஷம் கழித்தும் கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று ஒரே கட்டளையில் சோதிக்கலாம்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. சுருக்காத சிடி ஒலி நிமிடத்துக்குச் சுமார் பத்தரை மெகாபைட். ஃபிளாக்கில் வழக்கமாக அதில் பாதியோ கொஞ்சம் கூடவோ வரும். எங்கள் தட்டுகளில் சில அதைவிட வெகுவாகச் சுருங்கின. சில பழைய பதிவுகள் சுருங்கவே மறுத்தன. காரணம் தேடியபோது ஒவ்வொரு தட்டின் பூர்வீகமும் தெரிய ஆரம்பித்தது. ராஜரத்தினம் பிள்ளை காலப் பதிவெல்லாம் ஒற்றைச் சேனல். சிடியில் இரண்டு சேனல் கட்டாயம் என்பதால் ஒன்றையே இரண்டு பக்கமும் வைத்திருப்பார்கள். இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால் ஃபிளாக் அதைக் கண்டுகொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பூஜ்யம் என்பதால் ஒரு சேனலுக்கான இடமே போதும். ஆனால் இசைத்தட்டை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டி அப்படியே பதிந்திருந்தால், இடப்பக்கச் சரசரப்பு வேறு, வலப்பக்கச் சரசரப்பு வேறு. இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது, அதைச் சுருக்க எந்த மென்பொருளாலும் முடியாது. ஆக, சுருங்காத கோப்பைப் பார்த்தால், இது இசைத்தட்டிலிருந்து நேரடியாக, அதிகம் கழுவாமல் வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். அந்தத் தட்டுகளைத் தனியாக எடுத்து வைத்துக் கேட்டேன். நாயனத்தின் கூர்மை அவற்றில்தான் அதிகம் மிஞ்சியிருந்தது.

எம்பி3 வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். அப்பா கேட்பது பென் டிரைவ் போடும் ஸ்பீக்கரில். அதற்கு ஃபிளாக் தெரியாது. ஆனால் நாயனக் கச்சேரியை எம்பி3 ஆக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது தவில். எம்பி3 ஒலியை 576 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக, அதாவது 13 மில்லி நொடிக் கட்டுகளாக எடுத்துக்கொண்டு சுருக்குகிறது. சுருக்கும்போது வரும் பிழை அந்தக் கட்டு முழுவதும் பரவும். நாயனம் நீளமாக இழுக்கும் ஸ்வரத்தில் அது மறைந்துவிடும். தவிலில் அப்படியில்லை. வலப்பக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழும் அடி, அமைதியிலிருந்து சட்டென்று முளைப்பது. அடி விழுவதற்கு முன்னால் உள்ள அமைதியிலும் அந்தப் பிழை கசிந்து, ஒரு மெல்லிய 'ஷ்' அடிக்கு முன்னே வந்து நிற்கும். குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு ஒதுக்கும் பிட் அளவில்) தனி ஆவர்த்தனத்தைக் கேட்டால் எல்லா அடியும் மொழுமொழுவென்று ஆகிவிட்டது போலத் தோன்றுவது இதனால்தான். எம்பி3 ஆக்கும் மென்பொருளான லேம் இப்படிப்பட்ட இடங்களில் கட்டைச் சின்னதாக்கிக்கொள்ளும், இருந்தாலும் அதற்குப் போதிய பிட்ரேட் கொடுக்க வேண்டும். நான் லேமின் வி0 என்ற உயர்ந்த தரத்தில் வைத்தேன். இடப்பக்கமான தொப்பியில் குச்சி விழுவதும் வலந்தலையில் விரல் விழுவதும் தனித்தனியாகக் கேட்கின்றன. என் போனில் எம்பி3க்குப் பதில் ஓபஸ் என்ற வடிவம், 128 கிலோபிட். அதே பகுதிகள் அதிலும் தெளிவாகவே இருக்கின்றன.

இரண்டாவது, டிராக்குகளுக்கு நடுவே விழும் இடைவெளி. ஒரே ராக ஆலாபனையை சிடியில் இரண்டு மூன்று டிராக்காக வெட்டியிருப்பார்கள். சிடியில் ஓட்டினால் வெட்டு தெரியாது. எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியது என்று லேம் குறித்து வைக்கும், நல்ல பிளேயர்கள் அதைப் படித்து வெட்டிவிடும். எங்கள் ஸ்பீக்கர் அப்படிச் செய்யாது. வேறு சங்கீதத்தில் இது பெரிதாகப் படாமல் போகலாம். நாயனத்தில் ஒத்து, அதாவது சுருதிக்கான குழல், விடாமல் ஊதிக்கொண்டே இருக்கிறதே! அது ஒரு கணம் அறுந்து மறுபடி தொடங்கினால் ராகமே அறுந்து போகிறது. ஃபூபார்2000 என்ற பிளேயரில் பல டிராக்குகளை ஒரே கோப்பாக்கும் வசதி இருக்கிறது. பென் டிரைவுக்கு மட்டும் ராகத்துக்கு ஒரு கோப்பு என்று சேர்த்துவிட்டேன். இந்த ஸ்பீக்கர் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, நகலெடுத்த வரிசையில் ஓட்டுகிறது. எனவே கோப்புகளை ஒவ்வொன்றாக வரிசையில் நகலெடுக்க வேண்டியிருந்தது.

படிப்பது மென்பொருளின் வேலை என்றால் பெயர் எழுதுவது முழுக்க நம் வேலை. நாகசுரம் யார், ராகம், தாளம், வாக்கேயக்காரர் என்று எம்பி3டேக் என்ற டேக் எழுதும் மென்பொருளில் நிரப்பிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"ஏட்டி, நாயனக்காரர் பேரு மட்டும் போட்டா எப்படி? தவிலு யாரு? அதைப் போடு முதல்ல."

"அட்டையில போடலியேப்பா."

"அட்டையில போடலைன்னா வாசிக்கலைன்னு ஆயிருமா?"

அவர் கேட்டது நியாயம். பல தட்டுகளின் அட்டையில் நாயனக்காரரின் படம் பெரிதாக இருக்கிறது, தவில் வித்வானின் பெயர் இல்லவே இல்லை. இரண்டாவது நாயனம், தாளம், ஒத்து பற்றிக் கேட்கவே வேண்டாம். ஸ்ட்ரீமிங் ஆப்பில் இன்னும் மோசம். அங்கே 'ஆர்ட்டிஸ்ட்' என்று ஒரே ஒரு பெயர்தான். மேளம் என்பது ஒரு ஆள் வாசிப்பதல்ல. கச்சேரியைத் தாங்கியவர்களின் பெயர் கோப்பில் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அவர்கள் இருந்ததே தெரியாது.

அப்புறம் சில நாள் சாயங்காலம் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு தட்டாக ஓட்டுவேன். கண்ணை மூடிக் கேட்டு, சில இடங்களில் தவில்காரர் பெயரைச் சொல்வார், சில இடங்களில் தலையசைத்து விட்டுவிடுவார். அவர் சொன்னதை அப்படியே உண்மை என்று எழுதவும் முடியாது, எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு கோப்பிலும் 'ஆதாரம்' என்று ஒரு புலம் சேர்த்தேன். 'அட்டையில் உள்ளது', 'அப்பா சொன்னது' என்று பிரித்துப் போட்டேன். இரண்டு பதிவுகளில் அப்பா ஒரு பெயர் சொல்ல, அவருடைய சிநேகிதர் மாமா வேறு பெயர் சொன்னார். இரண்டையும், யார் சொன்னது என்பதோடு, எழுதி வைத்திருக்கிறேன்.

தமிழில் டேக் எழுதுபவர்களுக்கு இரண்டு விவரம். ஃபிளாக்கில் புலத்தின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும், உள்ளே எழுதுவது யூனிகோட் தமிழாக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். புலங்களை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதால் ராகத்துக்கும் தவிலுக்கும் தனி இடம் கிடைக்கும். மற்றது கோப்பின் பெயர். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அதுவும் 'கி' என்றால் அது இரண்டு குறி. ஆக 85 குறிக்கு மேல் போக முடியாது. கீர்த்தனையின் முதல் அடி, ராகம், தாளம், வித்வான் எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதினால் விண்டோஸில் இருக்கும், லினக்ஸ் பெட்டிக்கு நகலெடுக்கும்போது மறுத்துவிடும். பெயரைச் சின்னதாக வைத்து விவரத்தை டேக்கில் எழுதுங்கள். ராகங்களின் எழுத்துக்கூட்டலையும் ஒரே மாதிரி வையுங்கள். இல்லாவிட்டால் ஹரிகாம்போதியும் அரிகாம்போதியும் இரண்டு ராகமாகப் பட்டியலில் வந்து நிற்கும்.

கொடை விழாக் கடைகளில் வாங்கிய சில தட்டுகள் பார்க்க ஆடியோ சிடி, ஆனால் எம்பி3யிலிருந்து திரும்ப எழுதியவை. ஸ்பெக் என்ற சின்ன மென்பொருளில் அலைவரிசைப் படம் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல வெறுமையாக இருக்கும். இரைச்சல் நீக்கிய பழைய பதிவுகளிலும் மேல்பகுதி வெறுமையாகவே இருக்கும் என்பதால் அவற்றில் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட தட்டையும் நான் எடுத்தே வைத்தேன். அந்தப் பதிவு வேறு எங்கும் கிடைக்காதவரை அதுவும் வேண்டும். சந்தேகத்தை டேக்கில் குறித்திருக்கிறேன்.

எல்லாம் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. ஒன்று என்னோடு கோயம்புத்தூரில், இன்னொன்று ஊரில். ஒவ்வொரு தட்டின் கோப்புறையிலும் ஃபிளாக் கோப்புகளோடு இஏசி எழுதிய லாக் (படித்த விவரக் குறிப்பு), க்யூ ஷீட் (எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல்), அட்டையின் ஸ்கேன் மூன்றும் இருக்கும். பாட்டுகளைப் பொதுவில் ஏற்றவில்லை. நாங்கள் வாங்கிய தட்டு, எங்கள் வீட்டில் கேட்பதற்கு. ஆனால் சரிபார்ப்பு எண்களை அக்யூரேட்ரிப்புக்கு அனுப்பியிருக்கிறேன், பாட்டுப் பட்டியலை மியூசிக்பிரெயின்ஸ் என்ற பொது இசைத் தரவுத்தளத்தில் தவில் வித்வான்களின் பெயரோடு சேர்த்துவருகிறேன். உங்கள் வீட்டில் காருகுறிச்சியாரோ ராஜரத்தினம் பிள்ளையோ வாசித்த சிடி இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் எண்ணும் என் எண்ணும் ஒத்துப்போனால் இரண்டு பேருடைய நகலும் உறுதியாகிவிடும். ஒத்துப்போகாவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், அது வேறு பதிப்பாக இருக்கலாம். அட்டையில் தவில்காரர் பெயர் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.